தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருத்தி

ஜனவரி 5, திங்கள்

புது டைரி. தாள் மட்டம், கோடு மட்டம், அட்டையில் யாரோ ஒரு நகைக்கடைக்காரரின் பல்வரிசை. என் பிள்ளை சங்கரலிங்கத்தின் அப்பா இருந்தவரை மின்வாரியத்திலிருந்து நல்ல டைரி வரும். அவர் போனபின் கடைக்காரர்கள் கொடுப்பதுதான்.

பேனாவும் சரியில்லை. போன வருஷம் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதாது. இப்போது மூன்று நாள் ஒரே பக்கத்தில் அடங்கிவிடுகிறது. எழுத்து கடுகு கடுகாக விழுகிறது. முனை அப்படி. ஒரு நல்ல பேனா விற்கத் துப்பில்லாத ஊரில் இத்தனை பள்ளிக்கூடம் எதற்கு? பாளையங்கோட்டை என்று பெயர் மட்டும் பெரிதாக.

கான்வென்ட்டில் படித்தவள் தமிழில் ஏன் டைரி எழுதுகிறாய் என்று என் சிநேகிதி ஜெசிந்தா கேட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் எழுதினால் நான் மரியாதையாகிவிடுகிறேன். இந்த வீட்டில் நடப்பவற்றுக்கு அது ஒத்துவராது.

சங்கரன் வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறான். "ஒரு சின்னப் பெட்டி கொண்டாறேன். சத்தம் போடாதீங்கம்மா" என்றான். நான் என்றைக்குச் சத்தம் போட்டேன்?

ஜனவரி 9, வெள்ளி

பெட்டியை மாட்டியாயிற்று. வெள்ளை நிறம், சோப்பு டப்பா அளவு. ஹாலில் வாசற்படிக்கு மேலே பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்கிறது. துளை போட வந்தவன் ஷூவைக் கழற்றவில்லை. சோபா முழுக்கச் சுண்ணாம்புத் தூள். துடைத்த துணியை என் கண்ணெதிரிலேயே மறுபடியும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

சங்கரன் ஒரு மணி நேரம் விளக்கினான். எனக்குப் பத்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. முன்பு அவனுக்கு வேலை, வானத்தில் வரும் விமானம் என்ன விமானம் என்று ராடாரை வைத்து அடையாளம் காண்பது. பழைய ராடார் ஒரு புள்ளி காட்டும். ஏதோ இருக்கிறது, இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதோடு அதன் அறிவு முடிந்தது. புதிது தூரம், பக்கம், உயரம், வேகம் எல்லாவற்றையும் சேர்த்து உருவத்தையே வரைகிறதாம். வேகம் என்றால் ஆளுக்கு ஒன்று அல்ல. கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, தலைக்கு ஒன்று. அந்தக் கணக்கை வைத்து இன்னார் என்று சொல்லிவிடும். விமானத்தில் பழகிய வித்தையை இப்போது தனியாக இருக்கும் கிழவிகள்மேல் காட்டுகிறார்கள். விழுந்தால் அவன் போனில் மணி அடிக்கும்.

"கேமரா இல்லம்மா. முகமே தெரியாது. வெறும் புள்ளிதான்."

முகம் ஒன்றைத்தான் நான் இன்னும் பார்க்கத் தகுந்ததாக வைத்திருக்கிறேன். அது அதற்குத் தெரியாதாம்.

மடிக்கணினியில் காட்டினான். ஈ மொய்த்ததுபோல் பச்சைப் புள்ளிகள் சேர்ந்து ஒரு உருவம். அதன் தலைக்கு மேல் ‘டார்கெட் ஒன்று’ என்று ஆங்கிலத்தில்.

"யாரு இது?"

"நீங்கதாம்மா."

"எப்போ சுடப்போறே?"

"அது சும்மா ஒரு பேரும்மா. பழைய சாஃப்ட்வேர்லருந்து அப்படியே வந்துட்டு."

பெற்றவளைக் குறி என்று கூப்பிடும் சாஃப்ட்வேர். அதை எழுதியவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள்.

பேச்சு இதுதான். டிசம்பரில் மாடிப்படியில் நான் சறுக்கினேன் (படி ஈரம்). அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பிடிவாதம், பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று. அங்கே பதினான்காவது மாடி. ஜன்னல் திறக்காது. மருமகள் நல்லவள்தான், ஆனால் ரசத்தை மைக்ரோவேவில் சுடவைப்பாள். பங்குனி உத்திரம்வரை பெட்டி என்னைப் பார்க்கும். விழாமல், தள்ளாடாமல் நடந்தால் நான் என் வீட்டில். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிச் சாவி அவன் கையில். ஒத்துக்கொண்டேன். பரீட்சைக்கு நான் பயந்தவள் இல்லை.

இரண்டு கேள்வி மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

"நான் அசையாம உக்காந்திருந்தா?"

"தெரியாது. அசைஞ்சாத்தான் படம். விமானத்துக்கும் அப்படித்தான், அது திரும்புத திருப்பத்துலதான் தன்னைக் காட்டிக் கொடுக்கும். அசையாட்டி நாற்காலியோட நீங்களும் ஒரு நாற்காலி."

"அந்தப் பக்கம்?"

ஹாலுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவில் அவன் அப்பா பிளைவுட்டில் ஒரு தடுப்பு போட்டிருக்கிறார். அதற்குப் பின்னால்தான் மேஜை, அடுக்களை, படுக்கையறை எல்லாம்.

"அங்க தெரியாதும்மா. ஹால் மட்டுந்தான்."

நல்லது.

ஜனவரி 11, ஞாயிறு

காப்பித்தூளில் மணமே இல்லை. மூன்றாவது கடை. திருடர்கள்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்கு நடை பழக்கினார். முதுகுக்கும் சட்டைக்கும் நடுவே மரஸ்கேலைச் செருகிவிடுவார். கூன் போட்டால் அது கழுத்தில் குத்தும். ஆறாம் வகுப்பு முழுவதும் நான் ஸ்கேலோடு நடந்தேன். அதன்பிறகு என் முதுகிலிருந்து அது வெளியே வரவே இல்லை. கல்யாணத்தன்று மேடை ஏறும்போது, "பொண்ணு பட்டாளத்துல இருந்தா வருது?" என்று என் மாமனார் கேட்டார்.

இப்போது காலையும் மாலையும் ஹாலில் அந்த நடை நடக்கிறேன். தலை நிமிர்ந்து, இரண்டு கையும் வீசி. பெட்டிக்கு நேராக வரும்போது இன்னும் கொஞ்சம்.

சங்கரன் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "சூப்பரும்மா. நூத்துக்குத் தொண்ணூத்தாறு" என்றான்.

"மிச்சம் நாலு என்னாச்சு?"

யார் திருத்தினார்களோ.

பொங்கல் வைத்தது இசக்கி. வேலைக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அவள் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"யம்மா, ஹாலுக்குப் போனா மட்டும் கவர்னர் மாரி நடக்கிய. உள்ள வந்தா..."

"உள்ளே வந்தா என்ன?"

"ஒண்ணுமில்ல. தேங்கா துருவட்டா?"

ரவிக்கைக்குக் கொக்கி மாட்டியதும் அவள்தான். இப்போது வரும் கொக்கிகள் மனித விரலுக்குச் செய்தவை அல்ல.

ஜனவரி 22, வியாழன்

இன்று சாப்பிட்டபின் நடக்கப் பிடிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து அசையாமல் இருந்தேன். மூச்சுக்கூட அளவாக. சாயங்காலம் போன்.

"அம்மா எங்க போனீங்க? வீட்டுல யாருமே இல்லன்னு காட்டுது."

"இங்கேதான் இருக்கேன்."

"அசைங்களேன்."

கையைத் தூக்கினேன். "ஆ, வந்துட்டீங்க" என்றான். இருப்பதற்கு இனி அத்தாட்சி காட்ட வேண்டும். அதுவும் பெற்ற பிள்ளைக்கு.

ஜனவரி 25, ஞாயிறு

ஜெசிந்தா வந்தாள். பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள். இந்த ஊரில் என் வயதில் உட்கார்ந்து பேசத் தகுந்த ஒரே மனுஷி, அதிகம் சிரிப்பாள் என்பதைத் தவிர. அவளுக்குப் பிடிக்கும் என்று நேற்றே தேங்காய்ப்பால் சொதி வைத்திருந்தேன். இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, "போதும் நாயகி, காலையில நெறைய சாப்ட்டுட்டேன்" என்றாள். சாப்பாட்டு விஷயத்தில் ஜெசிந்தா போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போகும்போது என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவல் எல்லாம் எனக்கு ஆகாது.

அவள் தெருவில் இறங்கியதும் இசக்கி பாத்திரத்தைத் திறந்தாள்.

"யம்மா, ஊசிப் போச்சே. உங்களுக்கு மணக்கலயா?"

தேங்காய்ப்பால் இப்போது பாக்கெட்டில் வருகிறது. என்ன கலக்கிறார்களோ. அதைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தை மூன்று முறை தேய்க்கச் சொன்னேன். விருந்தாளிக்கு ஊசியதைப் போட்ட வீடு. உலகநாயகி வீட்டில்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

சங்கரன் காலையில் கூப்பிட்டான். குரலில் ஒரு மாதிரி ஜாக்கிரதை.

"அம்மா, வீட்டுல இன்னொருத்தங்க இருக்காங்களா?"

"லாட்ஜ் நடத்துதேன்னு நெனைச்சியா?"

"இல்லம்மா. போன வாரம் புது சாஃப்ட்வேர் ஏத்துனோம். முன்னவிட ரொம்ப நுணுக்கமான படம். இப்பப் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கமும் தெரியுது."

ஒரு வாரமாக. நான் கேட்காமல், என்னிடம் சொல்லாமல். குளியலறைச் சுவர் செங்கல், அதற்குள் போகாது என்று உடனே சேர்த்துச் சொன்னான். வாய் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"உள்ள ஒருத்தங்க நடக்காங்கம்மா. உங்க உயரந்தான், உங்க உடம்புதான். ஆனா நீங்க இல்ல. சின்னச் சின்ன அடியா வைக்காங்க. வலது கால் தரையை விட்டு எழும்பவே மாட்டேங்கு. வலது கை வீசாம உடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கி. மிஷின் அவங்களை டார்கெட் ரெண்டுன்னு தனியா வச்சிருக்கு. நீங்க தடுப்புத் தாண்டி உள்ள போனதும் உங்களைக் காணோம், அவங்க நடக்காங்க."

"இசக்கியா இருக்கும்."

"இசக்கியை அதுக்குத் தெரியும். அவ ஓடுவா."

சமையலறையில் இசக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

"அது பேச்சி" என்றேன். பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "இசக்கிக்குப் பெரியம்மா. போக்கிடம் இல்ல. பின்னால படுத்துக்கிடுதா."

பொய் சொன்னால் நாக்கு பொத்துப்போகும் என்பார் சிஸ்டர். ஒன்றும் ஆகவில்லை.

"நீங்களாம்மா? ஒருத்தங்களைக் கூட வச்சுக்கிட்டீங்களா?" என்றான். அந்தக் குரலில் என்னைப் பற்றி ஒரு பெருமை.

பிப்ரவரி 4, புதன்

"எனக்குப் பெரியம்மாவே கெடையாதேம்மா" என்றாள் இசக்கி.

"இப்போ இருக்கு."

"செத்துப் போச்சுன்னு சொல்லிரட்டா?"

"நேத்துதான் வந்திருக்கா, அதுக்குள்ளயா?"

ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். (ஆயிரம் முறை சொல்லியாயிற்று.) "எந்தக் காலைம்மா இழுத்து நடப்பாவ பெரியம்ம?"

"வலது."

"அது எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பேச்சி இன்று பாலைக் கொட்டினாள். டம்ளரை வாயருகே கொண்டுபோகுமுன் மார்பெல்லாம் பால். பார்க்கச் சகிக்கவில்லை. இலையில் சோற்றைப் பிசைவதும் அப்படித்தான், கோழி கிளறியதுபோல. ஒரு வயதுக்கு மேல் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பிறர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது.

அவளுடைய செருப்புச் சத்தம் வேறு. தரையை விட்டு எடுக்காமல் சரட், சரட் என்று.

ஹாலில் நான் நன்றாக நடந்தேன். தொண்ணூற்றேழு.

பிப்ரவரி 13, வெள்ளி

சங்கரனுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் கம்பெனியில் தணிகாசலம் என்று ஒருவர், வயதில் பெரியவர், எல்லாம் தெரிந்தவர். அவரிடம் ஒரே உயரம், ஒரே உடம்பு, ஒரே வயதுள்ள இரண்டு பெண்களை நடையை மட்டும் வைத்து மிஷின் பிரித்துவிட்டது என்று காட்டியிருக்கிறான். வேறு எந்த வீட்டிலும் இப்படி அமையவில்லையாம். அவர் நம்பவில்லை. நம்பவைத்தால் அடுத்த மாதம் பெரியவர்கள் முன்னால் இவன்தான் நின்று பேசுவானாம்.

"எல்லாம் பேச்சியாலம்மா. அவங்களுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் குடுங்க."

சேலை எடுத்துக் கொடுப்பதாகச் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 19, வியாழன்

பேச்சி விழுந்துவிட்டாள்.

காலை பத்து மணி இருக்கும். இசக்கி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மேஜைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே திரும்பும்போது கால் ஒட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. அவ்வளவுதான். தரை வழுக்கவில்லை. தண்ணீரும் இல்லை. பார்த்துவிட்டேன்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"அம்மா, பேச்சி விழுந்துட்டாங்க. போய்ப் பாருங்க."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"நீங்க எங்க இருக்கீங்க? ஹால்ல உங்களைக் காணோமே."

"சோபாவுல. அசையாம."

"எந்திரிச்சுப் போங்கம்மா. அடி கிடி பட்டிருக்கா? ரத்தம் வருதா?"

"ரத்தம் இல்ல. முழங்கை."

"பேசுதாங்களா?"

"பேசுதா."

தரையில் கிடந்தால் மேஜையின் அடிப்பக்கம் தெரிகிறது. நாலு மூலையிலும் ஒட்டடை. ஒரு மூலையில் எப்போதோ ஒட்டிக் காய்ந்த சோற்றுப் பருக்கை. இதன்மேல்தான் நாங்கள் இத்தனை வருஷம் விருந்தாளிகளுக்குப் பரிமாறியிருக்கிறோம். இசக்கியிடம் சொல்ல வேண்டும்.

"நீங்க தூக்காதீங்கம்மா. உங்க இடுப்பு போயிரும். பக்கத்துல நாற்காலியை நகட்டிப் போடுங்க, அவங்களே பிடிச்சு எந்திரிக்கட்டும்."

நாற்காலியைக் காலால் இழுத்தேன். போனைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்தேன். தரையிலிருந்து அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. "மெதுவா. மெதுவா எந்திரிக்கச் சொல்லுங்க. முதல்ல முட்டி போடச் சொல்லுங்க. ஆ, எந்திரிக்காங்க. எனக்குத் தெரியுது. நல்லது, நல்லது. தண்ணி குடுங்கம்மா."

இவ்வளவு அன்பாக அவன் என்னிடம் பேசிப் பல வருஷம் ஆகிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

முழுக்கை ரவிக்கை. பிப்ரவரியில்.

பிப்ரவரி 23, திங்கள்

சங்கரன் அவர்கள் கம்பெனிக்கு வந்துபோகும் ஒரு டாக்டரிடம் பேச்சியின் நடையைக் காட்டியிருக்கிறான்.

"அது வயசு இல்லையாம்மா. நடுக்குவாதமா இருக்கலாம், பார்க்கின்சன்னு சொல்லுவாங்களே, அது. இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா ரொம்ப வருஷம் நல்லா இருப்பாங்களாம். கை நடுங்கணும்னு இல்லையாம். ஆரம்பத்துல மணம் தெரியாமப் போயிருமாம். எழுத்து சின்னதாயிருமாம். கவனிச்சீங்களா?"

"பேச்சிக்கு எழுதத் தெரியாது" என்றேன்.

காப்பித்தூளை நான்காவது கடையிலும் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டுவிட்டு வந்தது போன சனிக்கிழமை.

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்று பெரிய எழுத்தாக எழுதிப் பார்த்தேன். முதல் வரி பெரிதாக இருக்கிறது.

பிப்ரவரி 28, சனி

மார்ச் ஆறாம் தேதி தணிகாசலம் நேரில் வருகிறாராம். ஹாலில் உட்கார்ந்து என்னையும் பேச்சியையும் பக்கம் பக்கமாக நடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டுமாம்.

இசக்கி ஒரு யோசனை சொன்னாள். அவளே காலை இழுத்து நடந்து காட்டினாள், என்னைப் பார்த்தபடி, ரொம்பச் சரியாக. எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. சாயங்காலம் சங்கரன் கேட்டான், "இசக்கிக்குக் காலுல என்னம்மா?"

ஆக மிஷின் முட்டாள் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

சங்கரன் கூட்டிவந்த தணிகாசலம் குட்டையான மனிதர். உயரத்தில் குறைந்ததை வயிற்றில் ஈடு கட்டியிருக்கிறார். ஷூவைக் கழற்றினார், அது சரி. காலுறையில் ஓட்டை, அதன் வழியே பெருவிரல் எட்டிப் பார்த்தது. காப்பியை உறிஞ்சிக் குடித்தார்.

"அருமையான காப்பிம்மா. வாசல்கிட்ட வரும்போதே மணம் தூக்குது."

நான் சிரித்து வைத்தேன்.

"எங்க, பேச்சியம்மாவைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் ஒரு நடை நடந்துட்டா நான் கெளம்பிடுவேன்."

"ஊருக்குப் போயிருக்கா" என்றேன். அதே நேரத்தில் தடுப்புக்குப் பின்னாலிருந்து இசக்கி, "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவ" என்றாள். கொஞ்சம் நிதானித்து, "ஊருல உள்ள ஆஸ்பத்திரிக்கு" என்று சேர்த்தாள்.

தணிகாசலம் சங்கரன் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? பேய்."

என்னிடம் விளக்கினார். அவர்கள் தொழிலில் அதைப் பேய் என்றே சொல்வார்களாம். ஒரு ஆள்மேல் பட்ட அலை பின்னால் இருக்கும் இரும்பு பீரோவில் முட்டிச் சுற்றிக்கொண்டு வந்தால், இன்னொரு ஆள் நிற்பதுபோல் தெரியுமாம். "கப்பல்ல பாத்திருக்கேன், விமானத்துல பாத்திருக்கேன். ஆனா பேய்க்குப் பேர் வச்சு, வைத்தியத்துக்கும் ஆள் பாத்து வச்ச முதல் ஆளு உங்க பையன்தான்." சிரித்தார். வயிறு தனியாகச் சிரித்தது.

சங்கரன் காது சிவந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் கணக்கு தப்பாகும்போது இப்படித்தான் சிவக்கும்.

"சார், எதிரொலின்னா அம்மா கை வீசுறப்போ அதுவும் வீசணும். இது வீசல. எதிரொலி விழாது சார். இவங்க விழுந்தாங்க. அம்மா பக்கத்துல இருந்தாங்க. கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை, பேயாக இருக்கலாம் என்று தலையாட்டினால் போதும். பங்குனி உத்திரத்துக்கு நான்கு வாரம்கூட இல்லை. வீடு என்னுடையது. ஜன்னல் திறக்கும். ஆனால் என் பிள்ளை சரியான விடையை எழுதிவிட்டு, பரிதாபமாக, பூஜ்யம் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான். அதுவும் அந்த ஓட்டைக் காலுறைக்காரரிடம். விழுந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்ன பிள்ளை. மணம் தெரியாத எனக்கே நான் சொன்ன பொய் நாறியது.

"சங்கரா, அந்தக் கம்ப்யூட்டரை இந்தப் பக்கம் திருப்பி வை. எனக்கும் தெரியட்டும்."

எழுந்தேன். முதுகில் ஸ்கேல். தலை நிமிர்த்தி, இரண்டு கையும் வீசி, சோபாவிலிருந்து தடுப்புவரை நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். திரையில் பச்சைப் புள்ளி உருவம். டார்கெட் ஒன்று.

"நல்லா நடக்கறீங்கம்மா" என்றார் தணிகாசலம்.

தடுப்பைத் தாண்டியதும் ஸ்கேலை உருவிவிட்டேன். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பிடித்துக்கொண்டிருப்பதை நிறுத்தினால் போதும். முதுகு தானாக இறங்கியது. கை தானாக ஒட்டிக்கொண்டது. சரட், சரட் என்று அடுக்களை வாசல்வரை போனேன். இசக்கி கரண்டியோடு நின்றாள். அங்கே திரும்ப வேண்டும். திரும்புவதுதான் கஷ்டம். பொம்மையைத் திருப்புவதுபோல் சின்னச் சின்ன அடியாக வைத்துத்தான் என்னால் திரும்ப முடியும். திரும்பினேன். அதே நடையில் தடுப்பைத் தாண்டி, அவர்கள் இருவர் முன்னால், ஹாலுக்குள் வந்தேன்.

"ரெண்டு" என்றார் தணிகாசலம் திரையைப் பார்த்து. "ரெண்டுதான் ஹாலுக்குள்ள வருது." டம்ளரைக் கீழே வைத்தார்.

சங்கரன் திரையைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச்சி எங்கேயும் போகல" என்றேன். உட்காருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. யாரும் கை கொடுக்க வரவில்லை. அந்த அளவுக்கு இருவருக்கும் புத்தி இருந்தது.

தணிகாசலம் திரையை மறுபடியும் பார்த்தார். "பேய் இல்ல, ஒத்துக்கறேன். ஆனாலும் சங்கர், ஒரு ஆளை ரெண்டுன்னு சொல்லியிருக்கு. அது தப்புதானே?"

"ஏன் சார்" என்றேன், "நீங்க வீட்டுல நடக்கிற நடையும் ஆபீஸ்ல நடக்கிற நடையும் ஒண்ணா?"

அவர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எப்பலருந்தும்மா?" என்றான் சங்கரன். சின்னக் குரல்.

"காப்பி ஆறுது. குடி."

மார்ச் 8, ஞாயிறு

தணிகாசலம் அன்றே போய்விட்டார். சங்கரனை நான் போகச் சொல்லவில்லை, அவனும் போகிறேன் என்று சொல்லவில்லை. இரண்டு நாளாக அவன் பெங்களூர் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. எனக்கு மேஜையில் சோறு போட்டுவிட்டு, தான் பக்கத்தில் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிட்டான். மேஜைக்கு அடியில் இருந்த ஒட்டடையை நானே காட்டினேன்.

சண்டை ஒரே ஒரு முறை.

"விழுந்து கிடந்துக்கிட்டே என்கிட்ட சோபாவுல இருக்கேன்னு சொன்னீங்க."

"ஆமா."

"நான் நாற்காலியை நகட்டுங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். லூசு மாதிரி."

"அது நல்ல யோசனைதான். அப்படித்தான் எந்திரிச்சேன்."

எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டான். இறங்கி வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

மத்தியானம் மடிக்கணினியைத் திறந்து இரண்டு உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்தான். பேச்சி என்ற டார்கெட் இரண்டை அழித்தான். "பாவம், ஒரு சேலை கூடக் கட்டாமப் போய்ட்டாவ" என்றாள் இசக்கி. என்ன பெயர் போடட்டும் என்று சங்கரன் கேட்டான். டார்கெட் என்று மட்டும் இருக்கக்கூடாது என்றேன். அம்மா என்று போட்டான். அதுவும் கொஞ்சம் வழவழப்பாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் இருந்த பெட்டியைக் கழற்றினான். "வேண்டாம்மா. உங்களுக்குப் பிடிக்காதது எதுக்கு?"

"அந்தப் பக்கம் மாட்டு" என்றேன். "தடுப்புக்கு உள்ளே. அங்கேதானே நான் இருக்கேன்."

ஸ்டூல்மேல் நின்றபடி என்னைப் பார்த்தான். பெட்டி மறுபடியும் பல்லி மாதிரிதான் இருக்கிறது, மேஜைக்கு மேலே. ஆனால் சுண்ணாம்புத் தூளை இவன் தானே துடைத்தான், ஈரத்துணியால், மூலைவரை.

மார்ச் 10, செவ்வாய்

பதினோரு மணிக்கு வண்ணார்பேட்டையில் நரம்பு டாக்டர். சங்கரன் ஆட்டோ சொல்லியிருக்கிறான். ரவிக்கைக்குக் கொக்கி இசக்கி மாட்டினாள், நானாகக் கேட்டேன். டாக்டர்கள் கையைக் கழுவாமல் பேனாவைத் தொடுவார்கள், அந்தப் பேனாவை நம்மிடம் நீட்டுவார்கள். என் பேனாவை எடுத்துக்கொண்டேன்.

ஜெசிந்தா போன் செய்தாள். சொதியைப் பற்றி நானே பேச்செடுத்தேன். "ஊசித்தான் இருந்துச்சு நாயகி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் கொஞ்சம் வந்தது.

டாக்டர் உள்ளே கூப்பிட்டதும் கதவிலிருந்து நாற்காலிவரை நடக்கச் சொல்லிப் பார்ப்பாராம். சங்கரன் கையைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னான். வேண்டாம், நானே நடப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்த நடையில் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.